பன்னிரண்டாம் பக்கம்

ஆஷ்லண்ட், விஸ்கான்சின்
செப்டம்பர் 18, 2018

திருமதி ட்ரெவாரோ அவர்களுக்கு,

மூன்று வருடம் கோரீன் என்று கூப்பிட்டுவிட்டு இப்படித் தொடங்குவது எனக்கே விசித்திரமாக இருக்கிறது. பெயரை எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. வெள்ளிக்கிழமையிலிருந்து ஒன்பது முறை போன் செய்திருக்கிறீர்கள். நான் எடுக்கவில்லை. பேச்சில் நீங்கள் கெட்டிக்காரி. எடுத்திருந்தால் கடைசியில் நான்தான் உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பேன். அதனால் கடிதம். எனக்கு எழுத்து எவ்வளவு மெதுவாக வரும் என்று உங்களுக்குத் தெரியும். இங்கே அக்கா சீரி வீட்டில் இருக்கிறேன். பிழைகளை அவள் திருத்தித் தருகிறாள்.

நீங்கள் ஆய்வகக் கதவின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றீர்கள். இந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கே பள்ளிக்கு வந்துவிட்டேன். தாழ்வாரத்தை இரண்டு முறை துடைத்தேன். ஆய்வகத் தரைக்கு முந்தின நாளே மெழுகு போட்டாயிற்று. பத்தரைக்கு பாய்லர் அறையில் உடை மாற்றினேன். அந்த நீலச் சட்டை என் மனைவி ஏர்லாவை அடக்கம் செய்த அன்றைக்கு வாங்கியது. நாலு வருடமாக அதைப் போட ஒரு வேளை வரவில்லை. பதினொன்றுக்கு உங்கள் ஆய்வகத் திறப்பு விழா. கதவுப் பூட்டில் என் அனுமதி அட்டையை வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். அதே சிவப்பு.

உள்ளே பணம் கொடுத்த அறக்கட்டளைக்காரர்கள், பள்ளி வாரியத்தார், கல்விக் கண்காணிப்பாளர் ஹால்வர்சன், பத்திரிகைப் புகைப்படக்காரர். நீங்கள் அந்த மரம் செதுக்கும் இயந்திரத்தின் மேல் கை வைத்துப் படத்துக்கு நின்றீர்கள். பலகை எழுதும் கடைக்காரர் தூக்கிப் போட இருந்த இயந்திரம் அது. அதை என் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, பெல்ட், பேரிங் எல்லாம் மாற்றி ஓடவைக்க எனக்குப் பதினெட்டு மாதம் பிடித்தது. நீங்கள் நிமிர்ந்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பார்த்துவிட்டு, 3டி பிரிண்டர் பக்கம் திரும்பி அதன் மூடியைக் கைக்குட்டையால் துடைத்தீர்கள். அதில் தூசி இருந்திருக்காது. காலையில்தான் நான் துடைத்திருந்தேன்.

கடைசியில் உதவித் தலைமையாசிரியர் டென்னிஸ் கதவைத் திறந்தார். "நல்லவேளை ரெய்னோ, நீங்க இங்கயே நிக்கிறீங்க. உள்ள யாரோ ஜூஸைக் கொட்டிட்டாங்க. ஒரு மாப் கொண்டு வர்றீங்களா?"

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குத் தெரிந்த ரெய்னோ மாப்போடு வருகிறவன்தான். கொண்டுவந்தேன், துடைத்தேன். அறக்கட்டளையிலிருந்து வந்த அம்மாள் காலை நகர்த்தி வழிவிட்டு நன்றி சொன்னார். பிறகு வெளியே வந்தேன். திங்கட்கிழமை சாவிகளையும் ராஜினாமாக் கடிதத்தையும் அலுவலகத்தில் வைத்துவிட்டு இங்கே வந்துவிட்டேன்.

இருபத்திரண்டு வருடம் லேத் பட்டறையில் சுரங்கத் துளை இயந்திரங்களுக்கு உதிரிபாகம் கடைந்தவன் நான். பட்டறை மூடிய பிறகு உங்கள் பள்ளியில் தரை துடைத்தேன். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. இன்றைக்கு ஆய்வகமாகியிருக்கும் அந்தப் பாழடைந்த உலோகப் பட்டறை அறையை ஒரு நாள் நீங்கள் எட்டிப் பார்த்து, "இதுல என்ன செய்யலாம் ரெய்னோ?" என்று கேட்டீர்கள். இயற்பியல் டீச்சர் ஒருத்தி என்னிடம் அப்படிக் கேட்டாள் என்று ஏர்லாவின் கல்லறையில் போய்ச் சொன்னேன். பள்ளி விட்ட பிறகு பிள்ளைகள் வந்தார்கள். நீங்கள் கணக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள், நான் கருவி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தேன். மூன்று வருடம்.

ஹால்வர்சனுக்கு என்னைப் பிடிக்காது. இது அவர் வேலைதான் என்று நினைக்கிறேன். ஆனாலும் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்களுக்கு முன்பே தெரியுமா?

ரெய்னோ லஹ்தி

பி.கு. லேசர் கட்டரின் மூடியைத் திறந்தால் கதிர் நிற்க வேண்டும். உள்ளே கண்ணாடிகளை நேர் செய்வதற்காக கதிரை நிறுத்தும் சுவிட்சைக் கம்பி போட்டு இணைத்து வைத்திருந்தேன். கழற்ற மறந்துவிட்டேன். இப்போது மூடி திறந்தாலும் கதிர் ஓடும். பிள்ளைகள் தொடும் முன்பு கழற்றிவிடுங்கள். வலது கீல் பக்கம், செம்புக் கம்பி.

*

ஹெம்லாக் ஃபால்ஸ், மிச்சிகன்
செப்டம்பர் 22, 2018

ரெய்னோ,

உங்கள் கடிதம் நேற்று மாலை வந்தது. பின்குறிப்பைப் படித்ததும் அடுப்பை அணைத்துவிட்டுப் பள்ளிக்குக் காரை எடுத்தேன். கம்பி இருந்தது. கழற்றிவிட்டேன். இப்போது மூடியைத் தூக்கினால் கதிர் நிற்கிறது. பத்து முறையாவது சோதித்துப் பார்த்தேன்.

ஆனால் திங்களிலிருந்து வெள்ளி வரை ஐந்து நாள் வகுப்பு நடந்திருக்கிறது. புதன்கிழமை கிரெட்டா மாட்டிலா, ஒன்பதாம் வகுப்பு, வெட்டி முடிந்துவிட்டது என்று நினைத்து மூடியைத் தூக்கிக் கையை உள்ளே விட்டாள். அவளுடைய ஸ்வெட்டர் கை கருகியது. மணிக்கட்டில் அரை அங்குலத்துக்கு ஒரு சிவப்புக் கோடு. முகத்தைக் குனிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இயந்திரம் சரியாகத்தான் இருக்கிறது, இவள்தான் ஏதோ விதியை மீறிவிட்டாள் என்று நினைத்து எல்லோர் முன்னாலும் அவளைத் திட்டினேன். ஒரு வாரத்துக்கு அவள் இயந்திரத்தின் பக்கம் வரக் கூடாது என்றேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

உங்களிடம் போன் இருக்கிறது. என் ஒன்பது அழைப்பும் அதில்தான் வந்தது. என்னிடம் பேச வேண்டாம், டென்னிஸுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். திங்கட்கிழமை நீங்கள் அலுவலகத்தில்தான் நின்றிருக்கிறீர்கள், பத்து அடி தூரத்தில் ஆய்வகம். அதை விட்டுவிட்டு ஒரு கடிதத்தின் வாலில் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள்.

அட்டை விஷயம். அனுமதிப் பட்டியல் மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்தது. காப்பீட்டு விதி என்று ஹால்வர்சன் சொன்னார். விழா அன்று காலையில்தான் எனக்கே தெரியும். உங்களைத் தேடிச் சொல்வதற்குள் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். ஆமாம், கண்ணாடி வழியாக உங்களைப் பார்த்தேன். வெளியே வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதற்காக நான் வெட்கப்படுகிறேன்.

திரும்பி வந்துவிடுங்கள். நான் ஹால்வர்சனிடம் பேசுகிறேன். கொஞ்சம் பொறுத்தால் இதைச் சரி செய்துவிடலாம்.

கோரீன்

*

ஆஷ்லண்ட்
செப்டம்பர் 30, 2018

திருமதி ட்ரெவாரோ அவர்களுக்கு,

முதலில் என் தப்பு.

அந்தக் கம்பி எனக்கு நினைவு வந்தது கடிதம் எழுதும்போது அல்ல. வெள்ளிக்கிழமை, விழா முடிந்து வண்டியை எடுக்கும்போதே நினைவு வந்தது. சாவியைத் திருப்பிய கை அப்படியே நின்றது. உள்ளே போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு, நான் இல்லாமல் அந்த இயந்திரங்களை எப்படி ஓட்டுகிறார்கள் என்று பார்க்கட்டும், நாலு பேர் முன்னால் ஏதாவது கருகட்டும், அப்போது தெரியும் என்று நினைத்தேன். பிள்ளைகளை நினைக்கவில்லை. உங்கள் முகத்தைத்தான் நினைத்தேன். திங்கட்கிழமையும் சொல்லாமல் வந்தேன். செவ்வாய்க்கிழமை எழுதும்போதும் கடைசியில்தான் எழுதினேன். அந்தப் பெண்ணுக்கு இத்துடன் ஒரு தனிக் கடிதம் வைத்திருக்கிறேன். அவள் எந்த விதியையும் மீறவில்லை, தப்பு என்னுடையது என்று எழுதியிருக்கிறேன். நீங்கள் அவளைத் திட்டியது எல்லோர் முன்னால். இதையும் எல்லோர் முன்னால் வாசித்துவிட்டுக் கொடுங்கள்.

இப்போது உங்கள் கதைக்கு வருகிறேன்.

புதன்கிழமை நம் பள்ளிப் பணியாளர் சங்கத்திலிருந்து கிளென் இவ்வளவு தூரம் கார் ஓட்டி வந்தார். ராஜினாமாவைத் திரும்ப வாங்கிக்கொள், ஹால்வர்சன் மேல் புகார் கொடுக்கலாம் என்றார். அதற்காக, ஆய்வகத்துக்கு நிதி கேட்டு அறக்கட்டளைக்குப் போன விண்ணப்பத்தின் நகலை வாங்கி வந்திருந்தார். சீரியின் சமையலறை மேசையில் வைத்துப் புரட்டினோம். பன்னிரண்டாம் பக்கத்தில் கிளென் விரலை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

'ஆய்வகத்தில் மாணவர்களுடன் பணிபுரிபவர் பட்டமும் ஆசிரியர் சான்றிதழும் பெற்றவராக இருத்தல் வேண்டும். பராமரிப்புப் பணியாளர்கள் வகுப்பு நேரத்துக்குப் பிறகு, துப்புரவுக்காக மட்டுமே அனுமதிக்கப்படுவர்.'

கீழே உங்கள் கையெழுத்து. பிப்ரவரி 2. ஹால்வர்சன் ஒன்பது நாள் கழித்துத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார். காப்பீட்டைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

பிப்ரவரி 3 சனிக்கிழமை. பனி பாய்லர் அறை ஜன்னல் வரைக்கும் ஏறியிருந்தது. நீங்கள் வீட்டிலிருந்து இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்த பாஸ்டி சுட்டு எடுத்துவந்தீர்கள். ஹீட்டர் மேல் வைத்துச் சூடு பண்ணிச் சாப்பிட்டோம். அன்றைக்குத்தான் விண்ணப்பத்தை எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். எனக்கு எழுத்துகள் இடம் மாறித் தெரியும், அதனால் நீங்களே வாசிப்பதாகச் சொன்னீர்கள். அதை நான் உங்கள் அன்பு என்று எடுத்துக்கொண்டேன். பதினோரு பக்கம் வாசித்தீர்கள். அதில் ஓரிடத்தில் என் பெயர்கூட வந்தது, இயந்திரங்களைச் சீர்ப்படுத்தியவர் என்று. வாசித்து முடித்ததும் காகிதங்களை மேசையில் தட்டி ஒழுங்குபண்ணி உறைக்குள் வைத்தீர்கள். நான் கை தட்டினேன்.

கிளெனிடம் புகார் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். யார் மேல் கொடுப்பது என்று அவருக்கும் தெரியவில்லை.

விதியை எழுதியது ஒரு பக்கம். போன வாரம் கடிதத்தில் ஹால்வர்சன் மேல் பழியைப் போட்டீர்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. நேராகக் கேட்டேன். உங்களுக்கு முன்பே தெரியுமா என்று.

ரெய்னோ லஹ்தி

*

ஹெம்லாக் ஃபால்ஸ்
அக்டோபர் 7, 2018

ரெய்னோ,

கிரெட்டாவிடம் உங்கள் கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். வகுப்பில் சத்தமாக வாசித்தேன். அவளிடம் நானும் மன்னிப்புக் கேட்டேன். அவள், "பரவால்ல மிஸஸ் ட்ரெவாரோ, அவருக்கு நான் பதில் எழுதலாமா?" என்று கேட்டாள். முகவரி கொடுத்திருக்கிறேன்.

நான் பொய் எழுதினேன். நீங்கள் எழுதியது எல்லாம் உண்மை. இதற்கு மேல் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் ஆறு நாளாகக் காகிதத்தைக் கிழித்துக்கொண்டிருந்தேன். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஜனவரிக் கடைசியில் அறக்கட்டளை அம்மாள் போன் செய்தார். ஆய்வகத்தை யார் நடத்துவார்கள் என்று கேட்டார். நான் உங்களைப் பற்றிச் சொன்னேன். நிறையச் சொன்னேன், ரெய்னோ. ஓட்டை இயந்திரத்தை எழுப்பியது, பிள்ளைகள் உங்களிடம் எப்படி ஒட்டிக்கொள்கிறார்கள், ஒரு தப்பான வெட்டைக் காட்டி நீங்கள் எப்படிச் சொல்லிக்கொடுப்பீர்கள் என்று எல்லாம். அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. "அப்போ அவரையே முழுநேரப் பொறுப்பாளரா போட்டுடலாமே. எங்களுக்குப் பட்டமெல்லாம் முக்கியம் இல்ல," என்றார்.

அதற்கு முந்தின வாரம்தான் ஹால்வர்சன் என்னைக் கூப்பிட்டு, பிள்ளைகள் எண்ணிக்கை குறைகிறது, அடுத்த வருடம் இயற்பியலையும் வேதியியலையும் ஒன்றாக்கப்போகிறோம், இரண்டு பேரில் ஒருவர்தான் இருக்க முடியும் என்று சொல்லியிருந்தார். வேதியியல் டீச்சர் பணியில் என்னைவிட ஆறு வருடம் மூத்தவர். எனக்கு ஐம்பத்தொன்று. அறுபது மைலுக்குள் வேறு பள்ளி இல்லை. இதை உங்களிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், "அப்ப அந்தப் பொறுப்ப நீங்களே எடுத்துக்குங்க," என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள். எனக்கு அது அப்போதும் தெரியும். அதுதான் எனக்கே புரியவில்லை. கேட்டால் கொடுத்துவிடுகிற மனிதரிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

போனை வைத்துவிட்டு உட்கார்ந்து அந்தப் பக்கத்தை எழுதினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. யாரும் என்னை எழுதச் சொல்லவில்லை.

இன்னொன்று இருக்கிறது. இதை யாரும் உங்களுக்குச் சொல்ல முடியாது, ஏனென்றால் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். கையெழுத்துப் போடும் முன் ஹால்வர்சன் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு என்னைக் கேட்டார், "ரெய்னோ எங்க இதுல? அந்த ஆள் இல்லாம இது நடக்குமா?" என்று. நீங்கள் நினைக்கிறபடி அவருக்கு உங்களைப் பிடிக்காமல் இல்லை. நான் சொன்னேன், "அவருக்கு விருப்பமில்லையாம். பொறுப்பெல்லாம் வேணாம்னுட்டார்."

அவர் நம்பிவிட்டார். நீங்கள் அதிகம் பேசாதவர் என்பதால் நம்பினார்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. உண்மையைக் கேட்டீர்கள், எழுதிவிட்டேன்.

கோரீன்

*

ஆஷ்லண்ட்
அக்டோபர் 20, 2018

திருமதி ட்ரெவாரோ அவர்களுக்கு,

கடிதத்தைச் சீரிதான் எனக்கு வாசித்துக் காட்டினாள். 'விருப்பமில்லையாம்' என்ற இடத்தில் நிறுத்திவிட்டாள். "இதை நீயே படி," என்று கொடுத்துவிட்டு வெளியே விறகு அடுக்கப் போய்விட்டாள்.

படித்தேன். எழுத்தெல்லாம் இடம் மாறாமல் தெளிவாகத்தான் தெரிந்தது.

விதி எழுதினது உங்கள் பயம். அதைப் புரிந்துகொள்ள முடிகிறது. பட்டறை மூடின வருடம் எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அது ஆளை என்னென்னவோ செய்யச் சொல்லும். ஆனால் என் வாயில் ஒரு வார்த்தையைப் போட்டீர்களே. நான் சொல்லாததை நான் சொன்னதாக. அந்த மூன்று வருடமும் நான் எதை விரும்பினேன் என்று உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் நீங்கள். வேறு யாரிடமும் நான் சொன்னதில்லை.

போன வாரம் ஏரிக்கரையில் படகு பழுது பார்க்கும் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். கிரெட்டாவுக்குப் பதில் எழுதிவிட்டேன். கை ஆறிவிட்டதாம்.

இனி எனக்கு எழுதாதீர்கள்.

ரெய்னோ லஹ்தி

*

ஹெம்லாக் ஃபால்ஸ்
டிசம்பர் 1, 2018

ரெய்னோ,

எழுதாதீர்கள் என்றீர்கள். இந்த ஒன்றை மட்டும் எழுத விடுங்கள். பதில் வேண்டாம்.

நவம்பர் 19 பள்ளி வாரியக் கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் நேரத்தில் எழுந்து நின்றேன். பன்னிரண்டாம் பக்கத்தை நான் ஏன் எழுதினேன் என்றும், ஹால்வர்சனிடம் என்ன சொன்னேன் என்றும் எல்லோர் முன்னாலும் சொன்னேன். பின் வரிசைகளில் நாற்பது பேர் வேறு ஏதோ பஸ் வழித்தட விஷயத்துக்காக வந்திருந்தார்கள். அவர்களும் கேட்டார்கள். வேலை போகும் என்று நினைத்துத்தான் போனேன். வீட்டில் என் கணவர் மார்ட்டினிடமும் சொல்லிவிட்டே போனேன்.

என்ன நடந்தது தெரியுமா. வாரியத் தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இவ்வளவு நேர்மையான ஆசிரியை நமக்குக் கிடைத்தது பெருமை என்றார். இரண்டு பேர் கை தட்டினார்கள். அறக்கட்டளை ஒப்பந்தத்தில் இரண்டு வருடத்துக்கு எந்த விதியையும் மாற்ற முடியாதாம். அதற்குப் பிறகு பார்க்கலாம் என்று குறிப்பில் எழுதிக்கொண்டார்கள். அடுத்தது பஸ் வழித்தடம்.

ஹால்வர்சன் மட்டும் வெளியே வந்தபோது என்னிடம், "நான் அன்னைக்கே அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்," என்றார். அதற்குப் பிறகு அவர் என்னோடு வேலை விஷயம் தவிர எதுவும் பேசுவதில்லை.

நான் இன்னும் அதே அறையில்தான் நிற்கிறேன். சாவி என்னிடம், பெயர்ப் பலகையில் என் பெயர். மரம் செதுக்கும் இயந்திரம் மூன்று வாரமாக ஓடவில்லை. போட்டால் சத்தம்தான் வருகிறது, என்னவென்று எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் உங்களைக் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். நான் இருக்கும்போது கேட்பதில்லை என்று சொல்வதுதான் சரி.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், யாராவது உங்களிடம் நான் வாரியத்தில் துணிச்சலாகப் பேசியதாகச் சொல்லக்கூடும். பேசியது உண்மை. ஆனால் அதில் எனக்கு எதுவும் போகவில்லை. அதை நீங்கள் என்னிடமிருந்தே தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தேன்.

கோரீன்

*

ஆஷ்லண்ட்
மார்ச் 4, 2019

திருமதி ட்ரெவாரோ அவர்களுக்கு,

உங்களுக்கு எழுத எனக்கு விருப்பமில்லை. இந்த முறை நானே சொல்கிறேன்.

இங்கே ஒரு பள்ளி பழைய பஸ் கொட்டகையை ஆய்வகமாக மாற்றுகிறது. அவர்களுடைய அறிவியல் ஆசிரியர், ஜோயல் ஸ்ட்ராண்ட் என்று ஒரு இளைஞர், பிள்ளைகள் செய்த தோணியில் விழுந்த விரிசலைக் காட்ட, அதை எங்கள் படகுக் கொட்டகைக்குக் கொண்டுவந்தார். எட்டுப் பிள்ளைகளும் கூட வந்தார்கள். விரிசல் ஏன் வந்தது என்று நான் சொல்லவில்லை, அவர்களையே தடவிப் பார்க்கச் சொன்னேன். மூன்றாவது பிள்ளை கண்டுபிடித்துவிட்டது. பசை காயும் முன்பே பலகைகளைப் பிடித்திருந்த இறுக்கியை எடுத்திருக்கிறார்கள். மறு வாரம் அவர் தலைமையாசிரியையைக் கூட்டிக்கொண்டு வந்தார். வாண்டா என்று பெயர். ஆய்வகத்துக்கு ஒரு பயிற்றுநர் வேலை இருக்கிறது, பட்டம் கேட்க மாட்டோம் என்றார். படிவத்தைச் சீரி நிரப்பினாள். கடைசியில் ஒரு கட்டம்: 'மாணவர்களுடன் தாங்கள் பணிபுரிந்ததை ஓர் ஆண்டுக்கு மேல் நேரில் கண்ட ஒருவர்.'

நான் பிள்ளைகளோடு வேலை செய்ததை நேரில் கண்டவர் உலகத்தில் ஒருவர்தான் இருக்கிறார். அது என் துரதிர்ஷ்டம். இரண்டு நாள் அந்தக் கட்டத்தை வெறுமனே விட்டு வைத்தேன். பிறகு உங்கள் பெயரை எழுதச் சொன்னேன். சீரி என்னை முறைத்தாள். வேறு யார் பெயரை எழுதுவது என்று கேட்டேன்.

அவர்கள் உங்களிடம் கடிதம் கேட்பார்கள். நடந்ததை எழுதுங்கள். அழகாக எழுத வேண்டாம். என்மேல் பரிதாபம் வருகிற மாதிரியும் வேண்டாம். கம்பி விஷயத்தையும் எழுதுங்கள், அதை மறைத்துவிட்டு எனக்கு வேலை வேண்டாம்.

ரெய்னோ லஹ்தி

*

ஹெம்லாக் ஃபால்ஸ்
மார்ச் 10, 2019

ரெய்னோ,

வாண்டா அவர்களுக்கு நேற்று அனுப்பியதன் நகல் இது. ஒரு வார்த்தைகூட மறைக்காமல் உங்களுக்கும் அனுப்புகிறேன். முதல் பக்கம், கடைசிப் பக்கம் எல்லாம் இதுதான். ஒரே பக்கம்.

கோரீன்

*மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அவர்களுக்கு,*

*ரெய்னோ லஹ்தி எங்கள் பள்ளியில் துப்புரவுப் பணியாளராக இருந்தார். 2015 முதல் 2018 வரை எங்கள் ஆய்வகத்தை அவர்தான் உருவாக்கினார். நான் விண்ணப்பங்களை எழுதினேன். இயந்திரங்களை ஓடவைத்தவரும், சுமார் அறுபது பிள்ளைகளுக்கு அவற்றைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவரும் அவர். விடையைச் சொல்லாமல் காத்திருக்கத் தெரிந்தவர். பதினெட்டு வருடம் வகுப்பெடுத்த எனக்கு அது இன்னும் வரவில்லை.*

*எங்கள் ஆய்வகத்தில் அவருக்கு இடமில்லாமல் போனது என்னால். என் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள அவரை விலக்கும் விதியை நான் எழுதினேன். அவருக்கே விருப்பமில்லை என்று மேலதிகாரியிடம் பொய் சொன்னேன். அவரிடமும் பொய் சொன்னேன்.*

*திறப்பு விழா அன்றே, லேசர் கட்டரின் பாதுகாப்புச் சுவிட்ச் இணைத்து வைக்கப்பட்டிருந்தது அவருக்குத் தெரியும். கோபத்தில் அதை நான்கு நாள் யாருக்கும் சொல்லவில்லை. அதைச் சொல்லி அவர் எழுதிய கடிதம் வந்து சேரும் முன் ஒரு மாணவிக்குச் சிறிய தீக்காயம் ஏற்பட்டது. யாரும் கேட்காமலே அவர் அதை ஒப்புக்கொண்டு அந்த மாணவிக்கு எழுதினார். இதை உங்களுக்குத் தெரிவிக்கச் சொன்னவரும் அவரே.*

*இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நானாக இருந்தால் அவரிடம் சாவியைக் கொடுப்பேன். கொடுக்க வேண்டிய நேரத்தில் நான் கொடுக்கவில்லை.*

*கோரீன் ட்ரெவாரோ*

*

ஆஷ்லண்ட்
செப்டம்பர் 15, 2019

திருமதி ட்ரெவாரோ அவர்களுக்கு,

வேலை கிடைத்துவிட்டது. ஆகஸ்டிலிருந்து போகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு வாண்டா என்னைக் கூப்பிட்டுக் கம்பியைப் பற்றி ஒரு மணி நேரம் கேட்டார். கேட்டது நல்லது. இப்போது ஒவ்வொரு இயந்திரத்தின் பக்கத்திலும் ஒரு பலகை தொங்குகிறது. எந்தச் சுவிட்சை யார் தொட்டாலும் அதில் பெயரும் நேரமும் எழுத வேண்டும். என்னையும் சேர்த்து.

பஸ் கொட்டகையின் கூரை ஒழுகுகிறது. பிள்ளைகள் அதற்கு ஏதோ வாளி மாட்டும் கொக்கி ஒன்றை 3டி பிரிண்டரில் அச்சடித்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்று முறை உடைந்துவிட்டது. நான்காவது முறையும் உடைந்த பிறகு தாங்கும் என்று நினைக்கிறேன். ஜோயலுக்கு லேத் தெரியாது, எனக்குக் கணினி தெரியாது. சண்டை போட்டுக்கொள்கிறோம். அவர் எனக்குக் காகிதம் எதையாவது வாசித்துக் காட்ட வந்தால் கொடுத்துவிடச் சொல்லி நானே படிக்கிறேன். அரை நாள் ஆகிறது. அவர் காத்திருக்கிறார், ஏன் என்று கேட்டதில்லை.

உங்கள் கடிதம் உண்மையாக இருந்தது. அதற்கு நன்றி. அதனால் நமக்குள் எதுவும் சரியாகிவிடவில்லை. அதை நீங்களும் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

எழுத வந்த விஷயம் இதுதான். 27ஆம் தேதி வெள்ளிக்கிழமை இங்கே திறப்பு விழா. அழைக்க வேண்டியவர்கள் பட்டியலை வாண்டா போட்டார். அதில் உங்கள் பெயர் இருந்தது. உங்கள் கடிதத்தை மறக்க முடியவில்லை, அந்த அம்மாளைப் பார்க்க வேண்டும் என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்க இஷ்டம் ரெய்னோ. நீங்க சொல்றதுதான்," என்று பட்டியலை என் கையில் கொடுத்தார்.

நான் பேனாவை வாங்கி உங்கள் பெயரை அடித்துவிட்டேன்.

இதை நான் சொல்லாமல் விட்டிருந்தால் உங்களுக்குக் கடைசி வரை தெரிந்திருக்காது. வெளியே நிறுத்தப்பட்டவருக்கு, யார் நிறுத்தினார்கள் என்று நிறுத்தியவர் வாயாலேயே தெரிய வேண்டும். அதனால் சொல்கிறேன். நான்தான்.

ரெய்னோ லஹ்தி